எகானமி கிளாஸில் 14 மணி நேரம்: விமானம், சீட், லக்கேஜ், தூக்கம்

#1 புதுப்பயணி

அடுத்த மாதம் எகானமியில் நீண்ட பயணம். முதல் விமானம் கிட்டத்தட்ட 14 மணி நேரம், இறங்கி மாறி இன்னொரு 4 மணி நேரம். ஒரே கட்டணத்தில் இரண்டு வழி காட்டுகிறது. ஒன்று போயிங் 777-300ஈஆர், இன்னொன்று ஏர்பஸ் ஏ350-900. டிக்கெட் இன்னும் போடவில்லை. எதை எடுக்கலாம், சீட்டை எங்கே போடலாம்? கழுத்துத் தலையணை, காலுறை, பவர்பேங்க் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உயரம் ஆறடிக்கு மேல். சைவச் சாப்பாடு வேண்டும்.

#2 கால்நீட்டி

டிக்கெட் போடும் முன்பே கேட்டது நல்லது. எகானமியில் உடம்பு படும் பாட்டில் பெரும்பகுதி புக்கிங் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. தலையணை அதற்கப்புறம்தான்.

என் ஓட்டு ஏ350-க்கு. 777 கேபினின் உள் அகலம் சுமார் 5.87 மீட்டர், ஏ350-க்கு 5.61 மீட்டர். ஆனால் 777-ல் இப்போது பெரும்பாலான நிறுவனங்கள் ஒரு வரிசைக்கு 10 பேரை (3-4-3) உட்கார வைக்கின்றன, ஏ350-ல் 9 பேரை (3-3-3). அதனால் பெரிய விமானத்தில் சின்ன சீட்: 777-ல் சுமார் 17 அங்குலம், ஏ350-ல் 18-ஐ ஒட்டி. ஒரு அங்குலம்தானே என்று தோன்றும். பக்கத்தில் இருப்பவரும் அகலத் தோள்காரராக இருந்தால் 14 மணி நேரமும் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில்தான் இருக்கும்.

விமானத்தின் பெயரை மட்டும் வைத்து நம்பிவிடாதீர்கள். ஃபிரெஞ்ச் பீ நிறுவனம் ஏ350-லேயே 3-4-3 போட்டிருக்கிறது. போயிங் 787 புது விமானம் என்றாலும் 9 பேர் அமைப்பில் சீட் 17 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேலே. அதே 787-ஐ ஜப்பான் ஏர்லைன்ஸ் சர்வதேச வழிகளில் 2-4-2 என்று 8 பேருக்கு அமைத்து ஓட்டுகிறது. ஆகவே சீட் மேப்பைத் திறந்து ஒரு வரிசையில் எத்தனை கட்டம் என்று எண்ணிப் பாருங்கள்.

பிட்ச் என்று 31, 32 அங்குலம் என்று போட்டிருப்பது கால் வைக்கும் இடம் இல்லை. ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன்சீட்டின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. முதுகுப்பகுதி மெலிதாக இருந்தால் அதே 31-ல் முட்டிக்கு இடம் கூடும், பஞ்சு தடிமனாக இருந்தால் குறையும்.

#3 ரெக்கைக்காரன்

அகலத்தோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய வகை உலோக உடல் விமானங்களில் கேபின் அழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமமாக இருக்கலாம். 787, ஏ350 இரண்டிலும் அது 6,000 அடி அளவில் நிற்கிறது. கார்பன் ஃபைபர் கலந்த உடற்பகுதி அழுத்தம் ஏறி இறங்குவதால் அவ்வளவு சீக்கிரம் களைப்பதில்லை, ஈரத்தால் அரிப்பதும் இல்லை. அதனால் காற்றில் ஈரத்தையும் சற்று கூட்டி வைக்க முடிகிறது. அதற்காக ஈரப்பதம் வீட்டு அளவுக்கு இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வழக்கமான விமானங்களில் அது 20 சதவீதத்துக்கும் கீழே; இதில் கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான். இறங்கும்போது தலைபாரம் குறைவாகத் தெரியும்.

புக்கிங் பக்கத்தில் "இயக்குபவர்" என்ற சிறிய எழுத்து வரியைப் பாருங்கள். கோட்ஷேரில் டிக்கெட் ஒரு நிறுவனத்துடையது, விமானம் வேறு நிறுவனத்துடையது. சீட், சாப்பாடு, செக்-இன் பெரும்பாலும் ஓட்டுகிறவர் விதிப்படிதான் நடக்கும். நிறுவனம் விமான வகையைக் கடைசி நேரத்தில் மாற்றவும் செய்யலாம். மாறினால் நீங்கள் பார்த்துப் போட்ட சீட் வேறெங்காவது போய் உட்கார்ந்திருக்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பும், செக்-இன் திறந்ததும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சீட் அமைப்பைச் சரியான அளவில் வரைந்து காட்ட ஏரோலோபா தளம் நன்றாக இருக்கிறது. ஜன்னல் எந்த சீட்டுக்கு நேராக வருகிறது என்பது வரை அதில் தெரியும்.

#4 கடைசிவரிசை

சீட் விஷயத்துக்கு வர்றேன். நடைபாதை ஓரம் வேணும்னா எல்லாரும் ஜன்னல் பக்கத்து மூணு சீட்டோட ஓரத்தைப் போடுறாங்க. அங்க உங்களைத் தாண்டித்தான் ரெண்டு பேர் வெளிய வரணும். நடு பிளாக் ஓரத்தைப் பாருங்க. 3-4-3-ல நடுவுல நாலு பேர். ஒவ்வொரு ஓரக்காரருக்கும் உள்ளே ஒருத்தர்தான். 3-3-3-ல இன்னும் நல்லது: நடுவுல ஒரே ஒருத்தர், அவரும் எந்தப் பக்கம் வேணும்னாலும் போகலாம். தூக்கத்துல உங்களை எழுப்புற வாய்ப்பு பாதியாகுது.

விமானம் நிறையலைன்னா காலியா விடப்படுறதும் இந்த நடு சீட்தான். பின் வரிசைகள்ல அந்த வாய்ப்பு கூட, ஏன்னா முன்னாடி உட்காரத்தான் எல்லாரும் அடிச்சுக்குவாங்க. ஆனா மேப்பில் "எடுத்தாச்சு"ன்னு காட்டுற எல்லாமே விற்ற சீட் இல்ல. கைக்குழந்தை, உதவி தேவைப்படுறவங்களுக்குன்னு நிறுவனமே பிடிச்சு வச்சிருக்கும். செக்-இன் திறக்கிறப்போ (சிலருக்கு 48 மணி, சிலருக்கு 24 மணி முன்னாடி) அதுல கொஞ்சம் விடும். அப்போ மேப்பை மறுபடி பாருங்க.

777-ல வால் பக்கம் உடல் குறுகும். அதனால கடைசிச் சில வரிசைகள்ல ஜன்னல் பக்கத்து பிளாக்ல மூணுக்குப் பதில் ரெண்டு சீட்தான் இருக்கும். ஜோடியா போறவங்களுக்கு அருமை. ஜன்னல் பக்கம் கைப்பை வைக்கிற அளவு இடைவெளியும் கிடைக்கும். கடைசிக்குக் கடைசி வரிசை மட்டும் வேண்டாம்: முதுகு சாயாம போகலாம், டாய்லெட் வரிசை உங்க தோள் மேலதான் நிக்கும்.

இன்னொண்ணு: சில சீட்டுக்கு அடியில ஒரு உலோகப் பெட்டி இருக்கும், டிவி திரைக்கான மின்சுற்று. ஒரு காலை நேரா நீட்ட முடியாது. பை வைக்கவும் இடிக்கும். மேப்ல இது குறிச்சிருந்தா தவிர்த்துடுங்க.

#5 புதுப்பயணி

எமர்ஜென்சி கதவு வரிசைக்குக் கூடுதல் கட்டணம் கேட்கிறார்கள். என் உயரத்துக்கு அது பிரயோஜனப்படுமா? முதல் வரிசை, அதாவது சுவருக்கு எதிரே இருப்பது?

#6 கால்நீட்டி

ஆறடிக்கு மேல் என்றால் கதவு வரிசை காசுக்குப் பெறும், என்ன இழக்கிறோம் என்று தெரிந்து எடுத்தால். சாப்பாட்டுத் தட்டும் பெரும்பாலும் திரையும் கைப்பிடிக்குள்ளிருந்து வரும். அதனால் கைப்பிடி தடிமன், தூக்கவும் முடியாது, சீட் அகலம் ஒரு துளி குறையும். ஏறும்போதும் இறங்கும்போதும் பை மேலே போயாக வேண்டும். மருந்து, கண்ணாடி எல்லாம் சட்டைப் பையில் இருக்கட்டும். கதவோரச் சீட்டில் அவசரச் சறுக்குப்பாதை மடித்து வைத்த புடைப்பு முழங்காலுக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். கால் நீட்டத்தான் காசு கொடுத்தோம் என்பவர் அந்த ஒரு சீட்டை விட்டு அடுத்ததை எடுக்கணும். கதவிலிருந்து குளிர் இறங்கும், போர்வையைக் காலில் சுற்றிக்கொள்ள வேண்டிவரும். அவசரத்தில் கதவு திறக்க உதவக்கூடிய உடல்நிலை இருக்க வேண்டும் என்பது விதி. ஊழியர் பார்த்து மாற்றிவிடலாம்.

சுவருக்கு எதிர் வரிசை வேறு சங்கதி. முட்டி இடிக்காது, ஆனால் காலை முழுக்க நீட்ட முன்னே சுவர். குழந்தைத் தொட்டில் மாட்டும் கொக்கியும் அந்தச் சுவரில்தான்.

#7 கடைசிவரிசை

கால்நீட்டி சொல்றதுல ஒரு விஷயம் விட்டுப்போச்சு. ராத்திரி விமானத்துல கதவு முன்னாடி இருக்குற வெற்று இடம் ஊருக்கே திண்ணை. டாய்லெட்டுக்கு நிக்கிறவங்க, முதுகை நிமிர்த்துறவங்க எல்லாம் உங்க கால் மேலதான். தூக்கம் மெல்லிசா வர்ற ஆளுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். உயரமானவங்களுக்கு நடு பிளாக் ஓரமே போதும். சாப்பாட்டு வண்டி வராத நேரத்துல ஒரு காலை வெளிய நீட்டிக்கலாம். ஓரக் கைப்பிடிய நிறைய சீட்ல தூக்கலாம், பலருக்கு அது தெரியாது. கைப்பிடிக்கு அடியில, பின்னால கீல் இருக்குற இடத்துக்கிட்ட விரலால தடவுங்க. சின்ன பட்டனோ நெம்புகோலோ தட்டுப்படும். அதை அழுத்திக்கிட்டே தூக்கினா மேல வரும். ஏறி இறங்குறப்போ கீழே விடணும்.

பெல்ட்டைப் போர்வைக்கு மேல போட்டுக்கங்க. குலுங்கும்போது ஊழியர் வந்து பாத்துட்டு அப்படியே போயிடுவாங்க. இல்லன்னா எழுப்பிக் கேப்பாங்க.

#8 மின்கலம்

பவர்பேங்க் பற்றி. கணக்கு வாட்-மணியில்தான், மில்லிஆம்பியரில் இல்லை. மில்லிஆம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் போதும்: 20,000 என்று போட்டிருப்பது 74 வாட்-மணி, 27,000 கிட்டத்தட்ட 100. நூறு வரை அனுமதி தேவையில்லை. 100 முதல் 160 வரை நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதிகபட்சம் இரண்டு. அதற்கு மேல் கிடையாது. எந்த அளவானாலும் கைப்பையில்தான், பெரிய பெட்டியில் கூடாது. எழுத்து அழிந்துபோன பவர்பேங்கைச் சோதனையில் பிடுங்கிக்கொள்வார்கள், வாதாடிப் பயனில்லை.

2025 முதல் எடுத்துப்போவது வேறு, பயன்படுத்துவது வேறு. அந்த ஜனவரியில் தென் கொரியாவின் ஏர் பூசான் விமானம் ஒன்று தரையில் நிற்கும்போதே தீப்பிடித்தது. பவர்பேங்க் மேல் சந்தேகம் விழுந்தது, அதன்பின் விதிகள் இறுகின. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் விமானத்துக்குள் பவர்பேங்கால் சார்ஜ் ஏற்றுவதையும், பவர்பேங்குக்கே சார்ஜ் ஏற்றுவதையும் நிறுத்தியது. எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் 1 முதல். மேலே உள்ள பெட்டியில் வைக்காமல் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொல்வதும் பரவிவருகிறது. ஆகவே அதை நம்பிப் படம் பார்க்கத் திட்டமிடாதீர்கள், ஏறும்போதே போன் முழு சார்ஜில் இருக்கட்டும்.

சீட்டிலுள்ள பழைய வகை யுஎஸ்பி துளை மிக மெதுவானது, படம் ஓடிக்கொண்டே இருந்தால் சார்ஜ் ஏறுவதற்குப் பதில் இறங்கும். மூன்று முள் சாக்கெட் இருந்தாலும் பெரிய லேப்டாப் சார்ஜரைச் செருகினால் அளவு மீறித் தானே அணைந்துவிடும். கழற்றி, லேப்டாப்பை மூடி, மறுபடி செருகிப் பாருங்கள்.

போன் சீட் இடுக்கில் விழுந்தால் சீட்டைச் சாய்க்கவோ நிமிர்த்தவோ வேண்டாம். நசுங்கிய பேட்டரி புகையும். ஊழியரைக் கூப்பிடுங்கள், எடுத்துத் தருவார்கள்.

#9 பெட்டிகட்டி

லக்கேஜ். முதலில் உங்கள் டிக்கெட் எடைக் கணக்கா, எண்ணிக்கைக் கணக்கா என்று பாருங்கள். எடைக் கணக்கில் மொத்தக் கிலோவைப் பிரித்துக் கட்டலாம். எண்ணிக்கைக் கணக்கில் பொதுவாக எகானமிக்கு ஒரு பெட்டி 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டர், சக்கரமும் கைப்பிடியும் சேர்த்து. எந்தக் கணக்கானாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். தூக்கிப்போடுகிறவர் முதுகுக்காக வந்த வரம்பு அது. மலிவான "லைட்" வகைக் கட்டணத்தில் பெட்டியே சேராமல் இருக்கலாம். விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்டி ஒப்பிடுங்கள்.

கவுண்டரில் பெட்டியில் கட்டும் டேக்கைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் மூன்றெழுத்து விமான நிலையக் குறியீடு நீங்கள் கடைசியாக இறங்கும் ஊருடையதா? மாறும் ஊருடையது என்றால் அங்கே நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டும். அமெரிக்காவுக்குள் நுழையும்போது டேக் கடைசி ஊர் வரை இருந்தாலும் பொதுவாக முதல் ஊரிலேயே எடுத்துச் சுங்கம் கடந்து திரும்பக் கொடுக்க வேண்டும்.

வாசலில் "இடமில்லை, கைப்பையைக் கீழே அனுப்புகிறோம்" என்றால் கொடுக்கும் முன் பவர்பேங்க், மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் உருவிக்கொள்ளுங்கள்.

பெட்டி வரவில்லையா, உடைந்து வந்ததா? வெளியே போகாமல் அங்கேயே உள்ள லக்கேஜ் மேசையில் புகார் எண் வாங்குங்கள். 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு எழுத்துப் புகார் 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 21 நாளுக்குள். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஆளுக்கு 1,519 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). அது உச்சவரம்புதான், அப்படியே கையில் கொடுக்கமாட்டார்கள். வாங்கிய பொருள்களுக்கு ரசீது காட்ட வேண்டும். கட்டும்போதே திறந்த பெட்டியை மேலிருந்து ஒரு படம் எடுத்து வைப்பது அப்போது உதவும்.

#10 மருந்துச்சீட்டு

கால் விஷயம். உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வறிக்கைப்படி 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போகும் பயணத்தில் ரத்தநாளத்தில் ரத்தம் கட்டியாக உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனால் ஆரோக்கியமானவருக்கு அடிப்படை அபாயமே சிறியது: சுமார் 6,000 பேரில் ஒருவர். பயந்து நடுங்க வேண்டியதில்லை, அசட்டையும் வேண்டாம். ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர், சமீபத்தில் அறுவைசிகிச்சை ஆனவர், கர்ப்பிணிகள், ஹார்மோன் மாத்திரை எடுப்பவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் புறப்படும் முன் மருத்துவரிடம் பேச வேண்டும்.

அழுத்தக் காலுறை முழங்காலுக்குக் கீழ் வரை, கணுக்காலில் 15–30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்து வாங்க வேண்டும். மேல் விளிம்பு சுருண்டு இறுக்கினால் அதுவே ரத்தத்தைத் தடுக்கும். கால் தமனியில் அடைப்பு உள்ளவர் கேட்காமல் போடக்கூடாது. காலுறை இருக்கோ இல்லையோ, குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கெண்டைத் தசை சுருங்கினால்தான் ரத்தம் மேலே ஏறும்.

வயிறு: 8,000 அடி அழுத்தத்தில் குடலிலுள்ள வாயு சுமார் 30 சதவீதம் விரியும். இடுப்பு இறுகிய உடையும், ஏறும் முன் சோடாவும் வேண்டாம்.

காது: வலிப்பது பெரும்பாலும் இறங்கும்போது. தரையிறங்க அரை மணி நேரத்துக்கு முன் விழித்துக்கொள்ளுங்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதுங்கள். பலமாக ஊதினால் காதுக்குக் கேடு. வலி வந்தபின் செய்வதைவிட வரும் முன்பே சில நிமிடத்துக்கு ஒரு முறை செய்வதுதான் பலன் தரும்.

இன்சுலின் பெட்டியில் போகக்கூடாது, உறைந்தால் கெட்டுவிடும்.

#11 ஓரக்கண்

ஆஸ்பிரின் ஒன்று போட்டுக்கொண்டு ஏறினால் காலுறையே வேண்டாம் என்கிறார்களே?

#12 மருந்துச்சீட்டு

வேண்டாம். பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் எடுப்பதை வழிகாட்டு நெறிகள் பரிந்துரைப்பதில்லை. வயிற்றில் ரத்தக்கசிவு என்ற இன்னொரு வினை அதில் இருக்கிறது. தூக்க மாத்திரையும் அப்படித்தான்: வளைந்த நிலையில் பல மணி நேரம் அசையாமல் கிடக்க வைக்கும், நாம் தவிர்க்கப் பார்ப்பதே அதைத்தான்.

#13 நெடுவழி

ஜெட்லேக், அதாவது நேர மாற்றத்தால் வரும் தூக்கக் குழப்பம் பற்றி யாரும் எழுதவில்லை. "போனதும் வெயிலில் நில்லுங்கள்" என்பது பாதி உண்மை. எந்த நேரத்து வெயில் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உடல் வெப்பம் மிகக் குறைவாக இருக்கும் நேரம், வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு 2–3 மணி முன்பு வரும். அதற்குப் பிறகு கண்ணில் படும் வெளிச்சம் உடல் கடிகாரத்தை முன்னே தள்ளும், அதற்கு முன் படும் வெளிச்சம் பின்னே இழுக்கும். 7 மணிக்கு எழுபவருக்கு அந்த நேரம் காலை 4–5. கிழக்கே 9 மணி நேர வித்தியாசம் போனால் அங்கே அது பகல் 1–2 மணி. அங்கே காலை 9 மணிக்கு இறங்கி நேரே வெயிலில் நின்றால் கடிகாரம் முன்னே போவதற்குப் பதில் பின்னே ஓடும், மூன்றாம் நாளும் மதியம் கண் சொருகும். முதல் நாள் காலையில் கருப்புக் கண்ணாடி போட்டு உள்ளேயே இருங்கள், 2 மணிக்கு மேல் வெளியே வாருங்கள். அடுத்தடுத்த நாள் ஒவ்வொரு மணி நேரமாக முன்னுக்கு நகர்த்துங்கள். மேற்கே போவது எளிது: பிற்பகலும் மாலையும் வெளிச்சத்தில் இருந்தாலே கடிகாரம் பின்னே போகும். உடலின் இயற்கைச் சுற்றே 24 மணிக்குச் சற்று அதிகம் என்பதால் தாமதிப்பது அதற்குப் பிடிக்கும்.

மெலடோனின் (தூக்க ஹார்மோன் மாத்திரை) எடுப்பதென்றால் போய்ச்சேரும் ஊரின் படுக்கை நேரத்தில், 0.5 முதல் 5 மில்லிகிராம். அதற்கு மேல் கூட்டினால் பலன் கூடாது. வலிப்பு உள்ளவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர் கேட்காமல் தொட வேண்டாம். சில நாடுகளில் சீட்டில்லாமல் கிடைக்காது.

#14 கடைசிவரிசை

சாப்பாடு கேட்டிருந்தாரே. 24 மணி நேரம் முன்னாடி பதியணும், சில நிறுவனங்களுக்கு 48. சைவத்துலயே குறியீடு பல: ஏவிஎம்எல்னா மசாலா சேர்ந்த ஆசிய சைவம், விஎல்எம்எல்னா பால், முட்டை சேரும் சைவம், விஜிஎம்எல்னா பாலும் இல்லாத முழுத் தாவர உணவு. முட்டை ஆகாதவங்க விஎல்எம்எல் போட்டுட்டு ஏமாறுறது சகஜம். ஹெச்என்எம்எல் இந்து உணவுன்னு இருக்கும், பாத்தீங்கன்னா அசைவம்! அது மாட்டிறைச்சி, பன்றி இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான். இரண்டாவது விமானம் வேற நிறுவனமா இருந்தா அங்கயும் பதிஞ்சிருக்கான்னு பாருங்க. சீட் மாறி உட்கார்ந்தா தட்டு பழைய சீட்டுக்குப் போயிடும், ஊழியர்கிட்ட சொல்லிடுங்க. தனி உணவு மத்தவங்களுக்கு முன்னாடியே வந்துடும். தட்டு எடுக்கிறதுக்கு முன்னாடியே டாய்லெட் போய்வர நேரம் கிடைக்கும், அந்த வரிசை அப்புறம் அரை மணி நேரம் நகராது.

#15 புதுப்பயணி

ஏ350-யே போடுகிறேன், நடு பிளாக் ஓரம். இரண்டாவது விமானத்தைத் தனியாக வாங்கினால் கட்டணம் குறைகிறது. இடையில் 2 மணி 10 நிமிடம் இருக்கிறது. வாங்கலாமா?

#16 ரெக்கைக்காரன்

வாங்காதீர்கள். ஒரே புக்கிங்கில் இருந்தால் முதல் விமானம் தாமதித்து இரண்டாவதை விட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. டிக்கெட் போனது போனதுதான். பெட்டியையும் கடைசி ஊர் வரை டேக் போடமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுத்து, வெளியே வந்து, மறுபடி கவுண்டரில் போட வேண்டும். வெளியே வர அந்த நாட்டு விசா தேவைப்படலாம். பெட்டி கவுண்டர் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும் என்றால் உங்கள் 2 மணி 10 நிமிடத்தில் மிஞ்சுவது 70 நிமிடம்.

ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்பட்டாலும், ஒன்றிய நிறுவனத்தில் அங்கே போய் இறங்கினாலும் தாமத இழப்பீட்டுக்கான 261/2004 விதி பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேல் என்றால், கடைசி ஊருக்கு 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 600 யூரோ வரை. 4 மணிக்குள் சேர்ந்தால் பாதியாகலாம். வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்குக் கிடையாது. "கடைசி ஊர்" என்று கணக்கில் எடுப்பதும் ஒரே புக்கிங்காக இருந்தால்தான்.

#17 பெட்டிகட்டி

ஒரே புக்கிங்கிலும் ஒன்று பாருங்கள். முதல் விமான நிலையத்தில் பாதுகாப்பு தாண்டி வாங்கிய பெரிய திரவப் பாட்டில், மாறும் ஊர்ச் சோதனையில் 100 மில்லி விதியில் மாட்டலாம். சீல் வைத்த ஒளிபுகும் பையில், ரசீது வெளியே தெரியும்படி கடைக்காரர் போட்டுக் கொடுத்தால் பெரும்பாலும் விடுவார்கள். கடைசி ஊர் வரை அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது.